சல்லடையக்கா சலித்த மண்

ஒரு பூனை செத்துப்போனால் அதற்கு யாரைக் குற்றம் சொல்வது? மூன்றாம் மாடி சல்லடையக்கா படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு என்னிடம் இதைக் கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நான் சொன்னது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. பதிலை அவளே தேடிப் போனாள்.

சல்லடையக்காவுக்கு வேலை ஒரு பருப்புக் கிடங்கில். மூட்டை மூட்டையாக வரும் பருப்பைச் சலித்து, கல் பொறுக்கிப் பொட்டலம் கட்டி அனுப்பும் இடம் அது. அங்கே இயந்திரங்கள் உண்டு. இயந்திரம் கோட்டை விட்டதை அவள் விரல் பிடித்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேற்பார்வையாளர் அவளைச் சோதிப்பதற்காக ஒரு தட்டுப் பருப்பில் மூன்று சிறு கற்களைப் போட்டுக் கொடுத்தார். பருப்பின் நிறம், பருப்பின் அளவு. அவள் நான்கு கற்களை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"மூணுதானேம்மா போட்டேன்?"

"நாலாவது நீங்க போடாதது சார்."

அன்றைக்கு வந்த பெயர்தான் சல்லடை. எங்கள் கட்டடத்துச் சின்னவர்கள் நாங்கள் அதோடு அக்காவைச் சேர்த்துக்கொண்டோம்.

அவளுடைய வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார். ஒருநாள் ஏதோ ஒரு கட்டடத்தில் லிப்டின் அடிக்குழியைச் சுத்தம் செய்யப் போனவர், ஸ்பேனர் பைக்குள் ஒரு பூனைக்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் கிரீஸ். குளிப்பாட்டிய பிறகுதான் அதன் நிறம் சாம்பல் என்று தெரிந்தது. வந்த மறுநாளே வீட்டில் ஒவ்வொரு மூலையாகப் போய் நின்று பார்த்துவிட்டு, திருப்தியில்லாத முகத்தோடு திரும்பியது. அதனால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள்.

மூன்றாம் மாடியில் பூனைக்குப் புல்லுக்கு எங்கே போக? மேனேஜர் துடைப்பத்தைக் கடித்துத் தின்ன ஆரம்பித்தது. தின்ற கையோடு மெத்தையில் வாந்தி. கால்நடை மருத்துவரம்மா, "வீட்டுக்குள்ளேயே ஒரு தட்டுல கோதுமையைப் போட்டுப் புல்லு வளர்த்துக் குடுங்க" என்றார்.

கேட்கச் சுலபமாக இருந்தது. கோதுமை முளைத்துவிடும், மண்தான் படுத்தியது. முதலில் கட்டடத்துக்குப் பின்னால் கிடந்த மண்ணை அள்ளி வந்தாள். அதோடு எறும்புப் புற்றில் பாதியும் மாடி ஏறி வந்துவிட்டது. அடுத்து செம்மண். இரண்டே நாளில் செங்கல்போல இறுகி, முளையை மேலே வரவிடாமல் பிடித்துக்கொண்டது. பிறகு வெறும் தேங்காய் நார்த்தூள். அதில் புல் ஜோராக வளர்ந்தது. ஆனால் மேனேஜர் ஒரு இழு இழுத்ததும் வேரோடு மொத்தமாகப் பெயர்ந்து வந்தது. பூனை அதை வாயில் கவ்விக்கொண்டு வீடு முழுக்க ஊர்வலம் போனது. நார்த்தூளோடு மணல் சேர்த்துப் பார்த்தபோது தண்ணீர் அதிகமாகி, மண்ணின் மேல் பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. பயந்துபோய்த் தட்டோடு தூக்கிப் போட்டாள்.

கடைசியில் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மண்கடைக்குப் போனாள். தொட்டி, செடி, மண் எல்லாம் விற்கும் கடை. பக்கத்திலேயே சாலையைப் பார்த்தபடி ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் ஒரு தகரத் தொட்டியில் மண் கலப்பார்கள். ரோஜா மண், காய்கறி மண், புல் மண் என்று மூன்று வகை, சாக்குப்பையில் கட்டிச் சீட்டு ஒட்டி அடுக்கியிருந்தது.

"அண்ணே, இது பூனை தின்னுற புல்லுக்கு. உரம் கிரம் ஒண்ணும் இருக்கக் கூடாது."

"புல் மண்ணுல உரமே கிடையாதுக்கா. நார்த்தூள், மணல், இலை மக்கு. அவ்வளவுதான். கண்ணை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க."

கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. முதல் மூட்டையைச் சலித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. இரண்டாவதையும் சலித்தாள். அதிலும் குறை இல்லை. புல் மளமளவென்று வளர்ந்தது. மேனேஜர் துடைப்பத்தை விட்டது. மூன்றாவது மூட்டையை அவள் சலிக்கவில்லை.

அந்த மூன்றாவது மண்ணைத் தட்டில் நிரப்பி விதை போட்ட அன்றே மேனேஜர் அதைப் பிராண்டிப் பிராண்டி நக்கியது. முளைகூட வரவில்லை, அதற்குள் என்ன அவசரம் என்று அவள் சிரித்துக்கொண்டே விரட்டினாள். அன்று மாலையே வாந்தி. மறுநாள் வயிற்றுப்போக்கில் ரத்தம். அதற்கு அடுத்த நாள் மத்தியானம் மருத்துவரம்மாவின் மேஜைமேல் மேனேஜர் செத்துப்போனது.

"மண்ணுல என்ன கலந்திருந்தது?" என்று மருத்துவரம்மா கேட்டார்.

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்லித்தான் வாங்கினேன் டாக்டர்."

"சில பேர் செடிக்கு உரமா ஆமணக்குப் புண்ணாக்கு சேர்ப்பாங்க. அதுல விஷம் முறியாம இருந்தா கொஞ்சம் தின்னாலே போதும். வாசனைக்கு நாயும் பூனையும் தேடிப் போய்த் தின்னும். அறிகுறியெல்லாம் அப்படித்தான் இருக்கு. ஆனா அந்த மண்ணைப் பார்க்காம நான் அடிச்சுச் சொல்ல முடியாது. கொண்டு வாங்க."

அவள் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். தட்டைக் காணோம். மிச்ச மண் இருந்த சாக்குப்பையையும் காணோம்.

"குப்பை லாரியில போட்டுட்டேன்" என்றார் வீட்டுக்காரர். "உன் கண்ணுல பட்டா அழுவியேன்னுதான்."

அவள் நேராக மண்கடைக்குப் போனாள். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"அண்ணே, நீங்க குடுத்த மண்ணுல ஆமணக்குப் புண்ணாக்கு இருந்துச்சா? என் பூனை செத்துப்போச்சு."

மண்கடைக்காரர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். பேசியது கூட்டத்திடம்தான்.

"இதே மண்ணை எத்தனை பேர் வாங்கியிருக்காங்க. எந்தப் பூனைக்காவது ஒரு தும்மல் வந்திருக்கா? இந்தக்கா தண்ணியைக் குடம் குடமா ஊத்தியிருப்பாங்க. மேல வெள்ளையாப் பூஞ்சை பிடிச்சிருக்கும். பூனை அதைத் தின்னுருக்கும். ஏங்க்கா, பூஞ்சை பிடிச்சதா இல்லையா? உண்மையைச் சொல்லுங்க."

பூஞ்சை பிடித்ததுதான். இந்த மண்ணில் இல்லை, அதற்கும் முன்னால்.  அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவர், "பார்த்தீங்களா?" என்று கையை விரித்தார்.

அதோடு விட்டிருந்தால்கூட அவள் அழுது தீர்த்திருப்பாள். அவர் விடவில்லை. புல் மண் வாங்க வருகிறவர்களிடமெல்லாம், "தண்ணி அளவா ஊத்துங்க, ஒரு அம்மா ஊத்தி ஊத்தியே பூனையைக் கொன்னுட்டாங்க" என்று சொல்லத் தொடங்கினார். பத்து நாளில் அந்தப் பேச்சு பருப்புக் கிடங்குக்கே வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரி, "யாரோ ஒரு லூசு, பூனையை மண்ணுல ஊறப்போட்டே கொன்னுட்டாளாம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். சல்லடையக்கா தலை நிமிராமல் கல் பொறுக்கினாள். அன்றைக்கு அவள் தட்டில் ஒரு கல் தப்பிவிட்டது. பத்து வருஷத்துக்கும் மேலான வேலையில் அதுதான் முதல் தடவை.

அன்று வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "அந்த ஆளைச் சும்மா விடமாட்டேன்."

"போனது போச்சு, விடும்மா."

"போனது பூனை. அதை விட்டுடறேன். அவன் என்னைக் கொலைகாரின்னு சொன்னதை எப்படி விட?"

மண்கடைக்காரர் அண்ணன் இல்லை, வெறும் அவன் என்று ஆனது அன்றிலிருந்துதான்.

சனிக்கிழமை கிடங்குக்கு விடுமுறை. மண்கடையில் கூட்டம் அலைமோதுவதும் சனிக்கிழமைதான். அவள் ஒரு மடக்கு நாற்காலி, மூன்று சல்லடை, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு ஆகியவற்றோடு கிளம்பிப் போய்க் கடைக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தத்தில் கடை விரித்தாள்.

"மண்ணு வாங்கினீங்களா? பூனைப் புல்லுக்கா? கொஞ்சம் இருங்க, சலிச்சுப் பார்த்துத் தர்றேன். சும்மாதான்."

முதலில் ஒதுங்கிப் போனார்கள். பிறகு ஒருத்தி மூட்டையை நீட்டினாள். சல்லடை ஆடிய ஆட்டத்தைப் பார்க்க நாலு பேர் கூடினார்கள். மண் அப்படியே பிரிந்து நார் ஒரு பக்கம், மணல் ஒரு பக்கம், மக்கு ஒரு பக்கம் என்று விழுந்தது. நடுவில் ஒரு சட்டைப் பொத்தானும் ஒரு துருப்பிடித்த ஆணியும் வந்தன. அவற்றை விரிப்பின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள்.

மண்கடைக்காரர் சாலையைக் கடந்து வந்தார். "என்ன இது, கண்காட்சியா?"

"ஆமா. டிக்கெட் கிடையாது, நீங்களும் பாருங்க."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளுக்கு ஒரு வாரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் அவள் தேடியது கிடைக்கவில்லை. இரண்டாம் சனிக்கிழமை ஒரு பாட்டில் மூடி. மூன்றாம் சனிக்கிழமை உயிரோடு ஒரு மண்புழு. நான்காம் சனிக்கிழமை அதுகூட இல்லை. மூட்டைக்கு மூட்டை சுத்தமான மண். சலித்து வாங்கிக்கொண்டவர்கள், "பரவாயில்லையே, நல்ல மண்ணாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு மற்றவர்கள் வாங்கினார்கள்.

ஐந்தாம் சனிக்கிழமை மண்கடைக்காரர் ஒரு டம்ளர் டீயோடு வந்தார். வாயெல்லாம் பல்.

"குடிங்கக்கா. உங்க புண்ணியத்துல புல் மண்ணு பறக்குது. நான் விளம்பரம் போட்டாக்கூட இவ்வளவு பேர் வரமாட்டாங்க. அடுத்த சனிக்கிழமையும் மறக்காம வந்துடுங்க."

டம்ளரை வாங்கினாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாக்கடையில் கவிழ்த்துவிட்டு வெறும் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.  வீட்டுக்கு வந்து சல்லடைகளைக் கீழே வைத்தாள்.

"ஏங்க," என்று வீட்டுக்காரரைக் கேட்டாள், "ஒருவேளை நான்தான் கொன்னுட்டேனா?"

அவர் உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம். யோசித்தார். அந்த யோசனை அவளைச் செருப்பால் அடித்தது போல இருந்தது. என்னிடம் படிக்கட்டில் அந்தக் கேள்வியை அவள் கேட்டது மறுநாள் காலையில்.

திங்கட்கிழமை கிடங்கில் துவரம்பருப்பு முடிந்து பாசிப்பருப்பு ஓட வேண்டியிருந்தது. பருப்பு மாறும்போது இயந்திரத்தின் இண்டு இடுக்கில் பழையது கொஞ்சம் தங்கியிருக்கும். புதிதாக ஓட்டும்போது அது முதல் மூட்டையில் வந்து விழும். அதனால் முதல் மூட்டையைப் பொட்டலம் கட்டமாட்டார்கள். சிவப்பு நூலால் கட்டித் தனியே வைத்து மாட்டுத் தீவனத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது அங்கே எல்லாருக்கும் மூச்சு விடுவது போலப் பழக்கம்.

மேற்பார்வையாளர் குரல் கொடுத்தார்: "முதல் மூட்டையைத் தள்ளி வைங்கப்பா."

சிவப்பு நூலை எடுத்த சல்லடையக்காவின் கை அந்தரத்தில் நின்றது.

மண்கடைக் கொட்டகையில் இருப்பது ஒரே ஒரு தகரத் தொட்டி. ரோஜா மண், காய்கறி மண், புல் மண் மூன்றும் அதில்தான். உரத்துக்குப் புண்ணாக்குப் போட்ட ரோஜா மண்ணைக் கலந்து முடித்துவிட்டு அதே தொட்டியில் புல் மண்ணைக் கலந்தால் என்ன ஆகும்? முதல் ஒன்றிரண்டு மூட்டைக்கு மட்டும்தான் ஆகும். அதற்குப் பின் வருவதெல்லாம் சுத்தம். சனிக்கிழமைகளில் அவள் சலித்ததெல்லாம் நாலாவதோ பத்தாவதோ மூட்டை. நூறு சனிக்கிழமை உட்கார்ந்தாலும் கிடைத்திருக்காது.

"சார், எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்."

"உடம்புக்கு என்னம்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. இப்பத்தான் சரியாச்சு."

செவ்வாய்க்கிழமை பேருந்து நிறுத்தத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வந்த பேருந்தையெல்லாம் விட்டாள். அன்று மண் கலக்கவில்லை. புதன்கிழமை காலையில் கொட்டகைக் கதவு திறந்தது. உள்ளே கலப்பது சாலையிலிருந்தே தெரிந்தது. முதலில் ரோஜா மண். ஒரு தனிச் சாக்கிலிருந்து எதையோ மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் போட்டார்கள். அந்த எண்ணெய் வாடை சாலை தாண்டி வந்தது. ரோஜா மண்ணைக் கட்டி முடித்ததும் தொட்டியில் ஒட்டியிருந்ததை மண்வெட்டியால் ஒரு சுரண்டு சுரண்டினார்கள். சுரண்டியதை வெளியே கொட்டவில்லை. அதன்மேலேயே நார்த்தூளைக் கவிழ்த்தார்கள்.

அவள் போய்க் கேட்டால் உஷாராகிவிடுவான். வீட்டுக்காரருக்கு போன் போட்டு எந்த மூட்டையை வாங்க வேண்டும் என்று சொன்னாள். அவர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கிரீஸ் கையோடு வந்தார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்குள் போய், "இப்பக் கட்டினதுல முதல் ரெண்டு மூட்டை குடுங்க, புது மண்ணா இருக்கட்டும்" என்று வாங்கித் தோளில் ஒன்றும் கக்கத்தில் ஒன்றுமாகத் தூக்கிக்கொண்டு வந்தார். குப்பை லாரியில் போட்டதற்கு அவர் செய்த பரிகாரம் அதுதான். வாயால் சொல்லியிருந்தாலும் அவ்வளவு சொல்லியிருக்க முடியாது.

சமையலறைத் தரையில் முதல் மூட்டையைப் பிரித்துச் சலித்தாள். பெரிய கண் சல்லடை, நடுத்தரம், பொடி. பிறகு விரல். நாரும் மணலும் போக மிச்சத்தில் பளபளவென்று விதை ஓட்டுத் துண்டுகள் நின்றன. பழுப்பில் வரி வரியாக, உள்பக்கம் எண்ணெய்ப் பசையோடு. உள்ளங்கை நிறைய. அவள் அழவில்லை. "அகப்பட்டான்" என்றாள்.

மருத்துவரம்மா அதைப் பார்த்ததும், "ஆமணக்கு ஓடுதான். இதுக்கு மேல சாட்சி வேண்டாம்" என்று தன் சீட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை அவள் பேருந்து நிறுத்தத்தில் உட்காரவில்லை. நேராகக் கடைக்குள்ளே போனாள். கல்லா மேஜைக்கு முன்னால், வாங்க வந்தவர்கள் காலடியில், வெள்ளை விரிப்பை விரித்தாள். சலித்து எடுத்த ஓட்டுத் துண்டுகளை அதில் கொட்டினாள்.

"இது ஆமணக்கு ஓடு. உங்க புல் மண்ணுல இருந்து எடுத்தது."

"எங்கேயிருந்தோ கொண்டாந்து கொட்டிட்டு என் மண்ணுங்கிறியா?" கடைக்காரரும் மரியாதையை விட்டார். "யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

அவள் வாசலைப் பார்த்தாள். வீட்டுக்காரர் இரண்டாவது மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதை நாங்க பிரிக்கலை. உங்க கட்டு, உங்க சீட்டு, புதன்கிழமை தேதி. நீங்களே அவிழுங்க."

அவர் அசையவில்லை. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "அவிழுப்பா, மடியில கனம் இல்லேன்னா என்ன" என்றார். கடைக்காரர் கட்டை அவிழ்த்தார். சல்லடையக்கா மண்டியிட்டுச் சலித்தாள்.  இரண்டாவது மூட்டையில் அதிகம் இல்லை. பதினொரு துண்டு. ஒவ்வொன்றாக எடுத்து முதல் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தாள். எல்லாம் ஒரே வரி, ஒரே பளபளப்பு.

கையில் புல் மண்ணோடு நின்ற ஒரு பெண் மூட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள். "எங்க வீட்டுல ரெண்டு பூனை இருக்கு" என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

"தொட்டியில கொஞ்சம் ஒட்டியிருக்கும்க்கா" என்றார் கடைக்காரர். அக்கா என்ற சொல் திரும்பி வந்துவிட்டது. "நாங்களும் வழிச்சுட்டுத்தான் கலக்கிறோம். பாத்திரமா, தேச்சுக் கழுவி வைக்க? தெரியாம நடந்துபோச்சு."

"நான் தொட்டியைக் கேக்கலை. என் பூனையைக் கொன்னது யாரு?"

அவர் கூட்டத்தைப் பார்த்தார். இந்தத் தடவை அங்கே அவருக்கு ஆள் இல்லை.

"நான்தான்."

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலை."

"நான்தான் கொன்னேன். என் மண்ணுதான்."

அவளுக்கு உச்சந்தலை குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் மறைக்கவும் இல்லை, அதற்காக வெட்கப்படவும் இல்லை. இரண்டு குவியலையும் விரிப்பில் முடிந்துகொண்டு எழுந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று வீட்டுக்காரர் நினைத்தார். மண்கடைக்காரரும் அப்படித்தான் நினைத்தார். புல் மண்ணுக்கென்று தனியாக ஒரு நீலத் தொட்டி வாங்கினார். ஒரு மாலை மூன்றாம் மாடி ஏறி வந்து கதவைத் தட்டினார். கையில் ஒரு தட்டு. அதில் அவரே வளர்த்த புல், தளதளவென்று. அவள் சங்கிலியை எடுக்காமல் கதவைத் திறந்தாள்.

"மன்னிப்புக் கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கேட்டாச்சா?"

"கேட்டுட்டேன்க்கா."

"அப்பக் கிளம்புங்க. புல்லைத் தின்ன இங்க யாரும் இல்லை."

கதவைச் சாத்தினாள். அந்தத் தட்டு இரண்டு நாள் வாசலில் கிடந்து காய்ந்தது. மூன்றாம் நாள் அதைக் கடை வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

சனிக்கிழமைகளில் மறுபடி பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். இப்போது சல்லடை வேண்டியிருக்கவில்லை. விரிப்பில் ஆமணக்கு ஓடு, பக்கத்தில் மருத்துவரம்மாவின் சீட்டு, அவ்வளவுதான். கேட்டவர்களுக்குச் சொன்னாள். கேட்காதவர்களுக்கும் சொன்னாள். புதுத் தொட்டி வாங்கியிருக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னாள். பொய் சொல்லி அவனைப்போல ஆகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள். எட்டாவது சனிக்கிழமை கடைப் பலகையில் புல் மண் என்று எழுதியிருந்த இடத்தில் வெள்ளையடித்துவிட்டார்கள். இனிமேல் அந்த மண் கிடையாது.

"இப்பவாவது போதுமா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"போதும்னு தோணும்போது நானே சொல்றேன்."

இன்னும் சொல்லவில்லை. வேலைக்குப் போகும்போது பேருந்தில் இடது பக்கம் இடம் பார்த்து உட்காருகிறாள். அந்த வெள்ளையடித்த இடம் அந்தப் பக்கம்தான் தெரியும்.

பூனை வளர்க்கிறவர்கள் உங்களுக்குத் தெரிந்து யாராவது இருந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள். புல்லுக்கு மண் வாங்கும்போது அதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது, அதற்கு முன்னால் அந்தத் தொட்டியில் எதைக் கலந்தார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். அவர்களையும் இன்னும் நாலு பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அந்த ஆளுக்குச் சாப்பிடும் சோற்றில் புரை ஏற வேண்டும் என்பது சல்லடையக்காவின் ஆசை. அதற்காகவாவது சொல்லுங்கள்.